தாடையையும் மூடுங்கோ, அப்பா!
கையைக் கடிக்காத விலையில் ஒரு மொடுலாரே ஹெல்மெட் தேடிய கதை

போன மாரியில் அப்பாவோடு வேலை செய்கிற மாமா ஒருவர் அல்பெர்கேரியாவில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தார். வேகம் ஒன்றும் இல்லை. பல்லாரோ சந்தை முடிந்து கடைக்காரர் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட நேரம். அந்தக் கல் பாவிய ஒழுங்கைகள் ஈரமானால் எப்படி வழுக்கும் என்று பலெர்மோவில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஹெல்மெட் போட்டிருந்தபடியால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது முகம் திறந்த ஜெட் ஹெல்மெட். தாடை உடைந்து ஆறு கிழமை ஸ்ட்ரோவில் சூப் குடித்தார்.

அதே மாதிரி ஒரு ஜெட் ஹெல்மெட்டைத்தான் அப்பாவும் பன்னிரண்டு வருசமாகப் போடுகிறார். என் ஏழு வயது மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதும் அவர்தான்.

"அப்பா, முழுசா மூடுற ஹெல்மெட் ஒன்று வாங்குவம்."

"சும்மா போ தம்பி. கண்ணாடியைக் கழட்டோணும், மாட்டோணும். ஆக்களோட கதைக்கேலாது. வெயிலுக்க மூச்சு முட்டும்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முகத்தைக் காட்டிக்கொண்டு ஓடுவது அவர்களின் தலைமுறைக்கு ஊரிலிருந்தே வந்த பழக்கம். சென்ரியில் மறித்தால் முகம் தெரியவேண்டும். 2015இல்கூட இலங்கையில் முழுமுக ஹெல்மெட்டைத் தடைசெய்யப்போவதாகப் பொலிஸ் அறிவித்து, விசயம் நீதிமன்றம் வரை போனது.

இப்படியான அப்பாமாருக்கென்றே ஒரு நடுவழி இருக்கிறது. தாடைப் பகுதியை மேலே தூக்கிவிடக்கூடிய ஹெல்மெட். ஆங்கிலத்தில் ஃபிளிப்-அப் என்பார்கள், இங்கே கடையில் 'மொடுலாரே' என்று கேட்கவேண்டும். புதுச் சாமான் இல்லை. பிஎம்டபிள்யூ நிறுவனம் 1981இலேயே இப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நான் மென்பொருள் பொறியாளன். அட்டவணை போடாமல் ஒரு கெட்டிலும் வாங்கமாட்டேன். இரண்டு கிழமை தேடியதில் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் வீட்டு அப்பா, மாமா யாருக்காவது உதவும்.

ஏன் தாடை?

ஜெர்மனியில் டீட்மார் ஓட்டே என்ற விபத்து ஆய்வாளர், விழுந்தவர்களின் ஹெல்மெட்டில் எந்த இடத்தில் அடிபட்டது என்று குறித்துவைத்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடி தாடைப் பகுதியில். ஜெட் ஹெல்மெட்டில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

முதலில் பட்டியைப் பாருங்கள்

தாடைப் பட்டியில் ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருக்கும். வட்டத்துக்குள் 'ஈ' என்ற எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எண் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி. அதற்குப் பக்கத்தில் உள்ள அனுமதி இலக்கம் 06 என்று தொடங்கினால் அது புதிய ஈசிஈ 22.06 தரம். இதில் பழைய 22.05ஐவிடக் கூடுதல் இடங்களில் அடித்துப் பார்க்கிறார்கள். தலை சுழல்வதால் மூளைக்கு வரும் பாதிப்பையும் சோதிக்கிறார்கள். கழிவு விலையில் 05 கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

மொடுலாரேக்கு முக்கியம் அதற்கு அடுத்து வரும் ஆங்கில எழுத்து. 'பி' என்றால் தாடைப் பகுதி பாதுகாப்பானது, மூடியபடிதான் ஓடவேண்டும். 'ஜே' என்றால் ஜெட். 'பி/ஜே' என்றால் மூடியும் திறந்தும் ஓட அனுமதி உண்டு. 'என்பி' என்றால் தாடையில் இருப்பது வெறும் அலங்காரம், பாதுகாப்பு இல்லை. அதை வாங்கவே வேண்டாம். அப்பாவுக்கு பி/ஜே எடுத்தேன். ஆனாலும் சந்தைக்குள் நின்று கதைக்கும்போது மட்டும் திறப்பது, ஓடும்போது மூடுவது என்று ஒப்பந்தம்.

இன்னொன்று: சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ சொந்தக்காரர் மலிவாகக் கொண்டுவந்து தரும் ஹெல்மெட்டில் இந்த ஈ முத்திரை இல்லாவிட்டால் இங்கே செல்லாது. இத்தாலியில் தரமில்லாத ஹெல்மெட்டுக்கும், பட்டி பூட்டாத ஹெல்மெட்டுக்கும், ஹெல்மெட்டே இல்லாததற்கும் ஒரே தண்டனைதான். தண்டம் 83 யூரோவிலிருந்து தொடங்கும், லைசென்ஸில் 5 புள்ளி போகும், வண்டியை 60 நாள் நிறுத்திவைப்பார்கள்.

கொழுக்கி பிடிக்குமா?

மொடுலாரேயின் பலவீனம் அதன் கொழுக்கிதான். விழும்போது தாடைப் பகுதி தானாகத் திறந்தால் மூடியதில் பிரயோசனம் இல்லை. பிரித்தானிய அரசாங்கம் 2007 முதல் ஷார்ப் என்ற பெயரில் ஹெல்மெட்டுகளைத் தானே கடையில் வாங்கிச் சோதித்து, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று இலவசமாக வெளியிடுகிறது. மொடுலாரே என்றால், எத்தனை வீதமான அடிகளில் தாடைப் பகுதி பூட்டியபடியே இருந்தது என்றும் போடுகிறது. நட்சத்திரத்தைவிட இந்த வீதத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். மலிவான சில ஹெல்மெட்டுகள் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன, விலை கூடிய சில வாங்கவில்லை.

கடையில் கையுறையோடு பத்துத் தரம் திறந்து மூடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் 'டிக்' என்று பிடிக்கவேண்டும். மூடியபின் இழுத்தால் அசையக்கூடாது. கொழுக்கி உலோகமாக இருப்பது நல்லது.

அளவு

புருவத்துக்கு மேலே ஒரு விரல் விட்டு, தலையின் அகலமான இடத்தைச் சுற்றி நாடாவால் அளவுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் அளவும் வேறு. போட்டால் கன்னத்தை அழுத்தவேண்டும், நெற்றி நோகக்கூடாது. பட்டியைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து முன்னுக்குத் தள்ளுங்கள். கழன்று வந்தால் பெரிது. கடையிலேயே பத்து நிமிடம் போட்டபடி நில்லுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் தாடையைத் தூக்கி, ஹெல்மெட்டைப் போட்டு, பிறகு கண்ணாடியை மாட்டிப் பாருங்கள். அப்பா "ஓம்" சொன்னது இந்த இடத்தில்தான்.

பாரத்தையும் பாருங்கள். மொடுலாரே பெரும்பாலும் 1.6 முதல் 1.8 கிலோ வரும்.

எவ்வளவு காசு?

எல்எஸ்2, எம்டி போன்றவற்றில் ஏறத்தாழ 120 முதல் 200 யூரோவுக்குள் நல்ல மொடுலாரே கிடைக்கிறது. இத்தாலியின் காபெர்க், நோலான் அதைவிடக் கொஞ்சம் கூட. ஷூபெர்த் எடுத்தால் 500ஐத் தாண்டும். கூடக் கொடுக்கும் காசுக்குச் சத்தம் குறையலாம், உள்துணி வடிவாக இருக்கலாம். முகக்கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க 'பின்லொக்' என்ற உள்கண்ணாடி பெட்டியோடு வருகிறதா என்று கேளுங்கள், தனியாக வாங்கினால் செலவு.

அல்பெர்கேரியாவில் பழைய சாமான் விற்கும் தரைக்கடைகளில் 15 யூரோவுக்கும் மொடுலாரே இருக்கும். அப்பா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், நான் வைக்கச் சொன்னேன். உள்ளே இருக்கும் நுரை ஒருதரம் அடிபட்டு நசுங்கினால் திரும்ப எழும்பாது. வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். பழைய சட்டை வாங்கலாம், பழைய ஹெல்மெட் வேண்டாம். புதியதையும் ஐந்து வருசத்தில் மாற்றச் சொல்லிப் பல நிறுவனங்கள் சொல்கின்றன.

பின்னால் இருக்கிற பிள்ளை

இத்தாலியில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை இரண்டு சில்லு வண்டியில் ஏற்றக்கூடாது. மகளும் "அப்பப்பா மாதிரி திறக்கிறது வேணும்" என்று அடம்பிடித்தாள். கொடுக்கவில்லை. சின்னக் கழுத்துக்கு அந்தப் பாரம் கூட. அவளுக்குப் பாரம் குறைந்த, தாடை மூடிய, சிறுவர் அளவு இன்டெக்ராலே எடுத்தோம்.

"வளருற பிள்ளைதானே, ஒரு அளவு பெரிசா எடுங்கோவன்" என்றார் அம்மா. பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு அது சரி. தளர்வான ஹெல்மெட் விழும்போது தலையை விட்டே கழன்றுவிடும்.

இரண்டுக்கும் சேர்த்து 230 யூரோ முடிந்தது. அப்பா இப்போதும் பல்லாரோவில் மீன் விலை கேட்கத் தாடையைத் தூக்குகிறார். புறப்படும்போது சிலவேளை மறந்துவிடுகிறார். அப்போது பின்னால் இருந்து முதுகில் ஒரு தட்டு விழும்: "அப்பப்பா, மூடுங்கோ!"

இந்தக் கிழமை வீட்டுக்கு போன் எடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: ஹெல்மெட் பட்டியில் என்ன எழுத்து இருக்கிறது, எந்த வருசம் வாங்கியது? பதில் தெரியாது என்றால், அடுத்த பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று யோசிக்கத் தேவையில்லை.