பழைய காமிராவும் பச்சைப் பிசினும்

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய இல்லங்களில், பரண்மீதோ டிரங்குப் பெட்டியின் அடியிலோ, ஒரு பழைய காமிரா உறங்கிக் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். பாட்டனாரோ தகப்பனாரோ பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த காலத்தில், முதற் சேமிப்பில் வாங்கியதாக அது இருக்கும். பெரும்பாலும் பரோடாவில் செய்யப்பட்ட 'ஆக்பா கிளிக் 3' என்னும் பெட்டிக் காமிரா. சற்று வசதியுள்ள குடும்பமாயின் ஜெர்மனி தேசத்து மடக்குக் காமிரா. எடுத்துக் காட்டும்போதே வீட்டுக்காரர், "அது செத்துப் போய் வெகு காலமாயிற்று, ஸார்" என்று கூறிவிடுவார். அவ்வாறு கைவிடப்பட்ட காமிராக்களுள் பல சாகவில்லை, உறைந்துதான் போயிருக்கின்றன என்பதை ஒரு காமிராவைக் கொண்டு நான் அறிந்தேன். அதனைச் சற்று விரிவாக எழுதினால் அன்பர் ஒருவருக்கேனும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

என்னிடம் வந்து சேர்ந்தது 'ஆக்பா ஐசோலெட் 2'. 1950ஆம் ஆண்டு முதல் ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் மியூனிக் நகரத்துத் தொழிற்சாலையில் உருவான வகை. மூடினால் கோட்டுப் பையில் அடங்கும். பொத்தானை அழுத்தினால் கதவு திறந்து, ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற ஒரு கறுப்புத் துருத்தியின் முனையில் லென்ஸ் முன்னே வந்து நிற்கும். 120 என்னும் அகலச் சுருளில், 6 செ.மீ. சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். 35 மி.மீ. பிலிமில் விழும் படத்தைக் காட்டிலும் இது பரப்பில் மூன்றரை மடங்குக்குக் குறையாது. ஆகையால் எளிய லென்ஸும் தெளிவான படம் தருகிறது. மும்பை சோர் பஜாரில் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கூடும் சந்தையில், பித்தளைக் குத்துவிளக்குக்கும் ஊசியில்லாத கிராமபோனுக்கும் நடுவே இதைக் கண்டேன். ஓடாது என்பதை விற்றவரே ஒளிக்காமல் சொன்னார். அலமாரியில் அழகுக்கு வைக்கலாம் என்பது அவருடைய யோசனை. ரூ. 900 கொடுத்தேன்.

ஆனால் அலமாரிக்காக நான் அதை வாங்கவில்லை. சென்ற ஆண்டு மின்சார ரயில் நெரிசலில் என் கைப்பேசி தொலைந்து போயிற்று. என் மகள் பிறந்தது முதல் மூன்றாண்டுப் படங்களும், என் தகப்பனார் காலமாவதற்கு முந்திய தீபாவளியன்று எடுத்த படங்களும் அதனுள்ளேயே இருந்தன. உறவினர்களுக்கு அனுப்பியிருந்த பத்துப் பதினைந்து படங்களே மீண்டன. அதே தகப்பனாரின் திருமணத்தன்று எடுத்த நெகடிவ்களோ, விழுப்புரத்தில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் நாற்பது ஆண்டுகளாக எவரும் தொடாமல் கிடந்தும், இன்றும் அச்சிடும் நிலையில் இருக்கின்றன. பொங்கலுக்கு வரவிருந்த என் தாயாரையும் பேத்தியையும் அவ்வாறே நெகடிவில் பதித்து வைத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவின் சம்பளம் நல்ல நிலையிலுள்ள காமிராவுக்கு இடங்கொடாது. "தொள்ளாயிரம் போனாப் போகட்டுங்க, இதுக்கு மேலே பெரிசா எதுவும் செலவு பண்ணக் கூடாது" என்று என் மனைவியும் வரம்பு கட்டிவிட்டாள். ஆதலின் பழுது பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஒளியியலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளியில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கியது மட்டுமே.

எது பழுது, எது பழுதன்று என்பதை முதலில் அறியவேண்டும். ஐசோலெட் 2இன் மேற்பொத்தான் பல சமயங்களில் அழுத்தினால் இறங்காது. ஒரே இடத்தில் இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழாதிருக்கும்பொருட்டு, ஒரு படம் எடுத்தபின் சுருளைத் திருப்பினாலன்றிப் பொத்தான் இறங்காதவாறு உள்ளே ஒரு பூட்டு அமைத்திருக்கிறார்கள். அதைப் பழுதென்று கருதிப் பலங்கொண்டு அழுத்தினால் நல்ல உறுப்பும் கெட்டுவிடும். உண்மையான குறைகள் மூன்று இருந்தன: தூரம் சரிசெய்யும் வளையம் கல்போல் இறுகியிருந்தது, ஷட்டர் திறந்தால் மூட மறந்தது, துருத்தியில் ஓட்டைகள் இருந்தன. இவற்றுள் எதுவும் ஓர் உறுப்பு உடைந்ததனால் வந்ததன்று என்பதைக் கவனிக்கவேண்டும். மூன்றும் முதுமையால் வந்தவை.

இந்த வகைக் காமிராவில் வளையம் இறுகுவது மிகப் பிரசித்தம். லென்ஸில் மூன்று கண்ணாடி வில்லைகள் உண்டு. முன்வில்லை மட்டும் தன் மரையில் சுழன்று முன்னும் பின்னும் நகர்வதால்தான் தூரம் சரியாகிறது. அந்த மரையில் தொழிற்சாலையில் தடவிய கிரீஸ், இத்தனை ஆண்டுகளில் வறண்டு, அரக்கைப் போன்ற பச்சைப் பிசினாகிவிடுகிறது. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. வலிந்து திருகினால் வளையம் சுழலத்தான் செய்யும். ஆனால் முன்வில்லையோடு நடுவில்லையும் ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து கழன்று வரும். சரியாகிவிட்டது என்று மகிழ்ந்து படம் எடுத்தால் பன்னிரண்டும் மங்கலாகவே இருக்கும். சந்தையில் வளையம் இலேசாகச் சுழலும் ஐசோலெட்டைக் கண்டால் நான் இப்போது அதிகமாகச் சந்தேகிக்கிறேன்.

இவ்விஷயத்தில் எனக்குத் துணை நின்றவர், தாராவியில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர். காமிராவை அவர் அதற்குமுன் பிரித்ததில்லை. எனினும் ஷட்டரைப் பார்த்தவுடன், "இது நம்ம கடிகாரத்துக்குத் தம்பிதான்" என்றார். நான் இடுக்கியை எடுத்து இறுக்கத் தொடங்கியபோது தடுத்து, "தம்பி, கைக்குக் கோபம் வந்துட்டா திருப்புளியை வச்சிட்டு டீ குடிக்கப் போயிரணும், பாத்துக்கிடுங்க" என்றார். "சரி, அண்ணாச்சி" என்று நானும் எழுந்து போனேன். அந்த மாதத்தில் நான் குடித்த டீக்குக் கணக்கில்லை.

வளையத்தின் விளிம்பிலுள்ள மூன்று சிறு திருகாணிகளைத் தளர்த்தி வளையத்தை எடுத்துவிட்டு, ஒட்டிக்கொண்டிருந்த இரு வில்லைகளையும் ஒன்றாகவே கழற்றினோம். கடிகாரக்காரர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பெட்ரோலை மரையின் விளிம்பில் மட்டும் துளித்துளியாக விட்டு, மூடிய கிண்ணத்தில் வைத்தோம். (தீப்பற்றும் பொருளாதலின் அடுப்பு, விளக்கு, பீடி இவற்றுக்கு அருகில் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.) நான்கு நாட்கள் காலையும் மாலையும் இவ்வாறு செய்தோம். ஐந்தாம் நாள், பெட்ரோல் முழுதும் உலர்ந்தபின், தலைமுடி உலர்த்தும் கருவியால் சற்றுச் சூடு காட்டி, தோல் துண்டு சுற்றிய இரு இடுக்கிகளால் மெல்லத் திருகியபோது, சிறு முனகலோடு இரண்டும் பிரிந்தன. மரை முழுவதும் பச்சைப் பிசின்! அதைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் கழுவி, புதிய கிரீஸை ஊசிமுனையளவே தடவினோம்.

ஷட்டரின் பெயர் 'பிரான்டர்-எஸ்'. ஒரு விநாடி முதல் 1/300 விநாடி வரை அது திறந்து மூடவேண்டும். மெதுவான வேகங்களுக்கென்று உள்ளே கடிகாரத்தைப் போன்றே சிறு பற்சக்கரங்கள் உள்ளன. பழைய எண்ணெய் தடித்துவிட்டால் அவை தயங்குகின்றன. அண்ணாச்சி மேல்தகட்டை எடுத்து, பெட்ரோல் தோய்த்த நுண்ணிய தூரிகையால் அவற்றைக் கழுவி, அழுக்கை ஒற்றுக்காகிதத்தால் ஒற்றியெடுத்தார். ஷட்டரின் மெல்லிய இதழ்களில் மட்டும் எண்ணெயின் சாயல்கூடப் படலாகாது; அவை உலர்ந்திருந்தால்தான் ஓடும். கடிகாரத்துக்கு எண்ணெய் விட்டே பழகிய அவருக்கு இது சற்று வருத்தமாகவே இருந்தது.

துருத்தியின் வேலை என் வீட்டில் நடந்தது. இரவில் விளக்கை அணைத்து, காமிராவின் பின்கதவைத் திறந்து, உள்ளே ஒரு சிறு டார்ச் விளக்கை வைத்துப் பார்த்தபோது, மடிப்பு மூலைகள்தோறும் நட்சத்திரங்கள் தெரிந்தன. என் மகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மறுநாளும் காட்டச் சொன்னாள். ஓட்டைகளின்மேல் கறுப்புச் சாயம் பூசுவது பலர் செய்வது. அது சில மாதங்களே நிற்கும், மடிக்கும்போது வெடித்துவிடும். ஆகையால் புதிதாகவே செய்வதென்று துணிந்தோம். குடைத்துணியை டார்ச்சின்மேல் பிடித்துப் பார்த்தோம், வெளிச்சம் ஊடுருவிற்று. புத்தகம் பைண்டு செய்வோர் பயன்படுத்தும் கறுப்புக் காலிகோ ஒளியை விடவில்லை. பழைய துருத்தியை மெதுவாகப் பிரித்து, மடிப்புகளை எண்ணி, அளவுகளைக் கட்டக் காகிதத்தில் வரைந்துகொண்டு, இரண்டு காலிகோ அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் காகிதப் பட்டைகளை வைத்து ஒட்டினோம். மைதாப் பசை கூடாது, பூச்சி அரிக்கும். செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும் ரப்பர்ப் பசை நன்று. முதலில் செய்தது தடித்துப்போய்க் கதவு மூட மறுத்தது. உள்ளடுக்குக்கு மேலும் மெல்லிய துணியை என் மனைவி தேடித் தந்தாள். இரண்டாவது சரியாக அமைந்தது. அவள் மடித்த மடிப்பு என் மடிப்பைவிட நேராக இருந்ததை இங்கே சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றையும் பூட்டியபின் எஞ்சியிருப்பது, தொலைதூரக் குறியை வளையத்தில் சரியாக அமைப்பது. பிலிம் ஓடும் தண்டவாளங்களின்மேல் (காமிராவிலும் தண்டவாளம் உண்டு என்பது எனக்குப் பெருமை) வரைகாகிதம் ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டைப் பதித்து, லென்ஸை முழுதும் திறந்து, ஷட்டரையும் 'பி' நிலையில் திறந்து வைத்துக்கொண்டு, குடியிருப்பின் மொட்டைமாடிக்குச் சென்றேன். தொலைவில் யார்டைத் தாண்டி நின்ற சிக்னலின் சிவப்பு விளக்கை நோக்கித் திருப்பினேன். வரைகாகிதத்தில் அது தலைகீழாக, குங்குமம் கலைந்தாற்போல் தெரிந்தது. பூதக்கண்ணாடியால் பார்த்தவாறே முன்வில்லையை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். கலங்கிய சிவப்பு சுருங்கிச் சுருங்கி ஒரு கூரிய புள்ளியாயிற்று. அந்த இடத்தில் வளையத்தின் முடிவிலிக் குறியை வைத்துத் திருகாணிகளை இறுக்கினேன். அதற்குள் சிக்னல் பச்சையாகிவிட்டது.

பிலிமுக்கு நம் தமிழ்நாடே ஒரு காலத்தில் பேர்பெற்றிருந்தது. 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் உதகமண்டலத்து ஆலையிலிருந்து 'இந்து' என்னும் பெயரில் பிலிம் வந்துகொண்டிருந்தது. அந்த ஆலை இப்போது இயங்கவில்லை. இல்போர்ட், கோடக் ஆகிய வெளிநாட்டுச் சுருள்களே கிடைக்கின்றன, விலை அதிகம். ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள் வாங்கினேன். ஒளிமானி இல்லாவிட்டாலும் குறையில்லை. நல்ல வெயிலில் துவாரத்தை 16இல் வைத்து, 100 வேகமுள்ள பிலிமுக்கு 1/100 விநாடி கொடுக்கலாம் என்பது பழைய வாய்ப்பாடு. நிழலில் இரண்டு மூன்று படி திறக்கவேண்டும்.

பொங்கலன்று பன்னிரண்டும் எடுத்தேன். ஒன்றில் குழந்தை சட்டத்தைவிட்டு ஓடிவிட்டாள். இரண்டில் ஓரத்தில் வெண்மூட்டம். துருத்தியின் ஒரு மூலையில் பசை விட்டிருந்தது, பிறகு ஒட்டிக்கொண்டேன். ஒன்பது நன்றாக விழுந்தன. என் தாயார் பேத்திக்குத் தலைவாரும் படத்தில் சீப்பின் பற்களை எண்ணலாம். படத்தை அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பாவோட தகரத்துலேயே இதையும் போட்டு வைடா" என்றாள். நெகடிவ் இப்போது விழுப்புரத்தில் இருக்கிறது.

காமிரா வைத்திருக்கும் அன்பர்களுக்கு இன்னொரு வார்த்தை. மும்பையின் மழைக்காலம் லென்ஸுக்குப் பகை. தோலுறைக்குள் பூட்டி வைத்தால், ஈரத்தில் வில்லையின்மேல் சிலந்தி வலை போன்ற பூஞ்சணம் படரும். தொடக்கத்தில் கண்டால் துடைத்துவிடலாம். கண்ணாடியை அரித்துவிட்டதென்றால் பரிகாரமில்லை. ஆகவே தோலுறையிலிருந்து எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வையுங்கள். 'கிளிக் 3' வைத்திருப்போருக்குக் கவலை குறைவு. அதில் துருத்தியே கிடையாது. மடக்குக் காமிரா உள்ளவர்கள் வளையத்தைத் திருகிப் பார்க்காமல் அப்படியே ஞாயிறு மாலை சங்கத்து வாசகசாலைக்குக் கொண்டு வரலாம். டார்ச் விளக்கும் பூதக்கண்ணாடியும் என்னிடம் உள்ளன. மீந்துள்ள காலிகோ இரண்டு துருத்திகளுக்குப் போதும்.