தொழிற்சாலைக் கூலியும் நாட்கணக்கும்

நமது அங்கத்தினர்களின் வீடுகளில் தறிக்குழியில் இறங்கும் பிள்ளைகள் அருகி வருகின்றனர். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆகிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் காஞ்சிபுரம், வாலாஜாபாத் பக்கங்களில் விடியுமுன்பே வந்து நிற்கின்றன. ஊடை ஓட்டிய கைகளும் நாற்று நட்ட கைகளும் இன்று கைபேசிகளையும் மோட்டார் வண்டிகளையும் பூட்டுகின்றன. இதனை நாம் குறையாகக் கூறவில்லை. மாதந்தோறும் சம்பளம் வருவது குடும்பத்திற்கு ஆறுதலே. ஆயினும் அச்சம்பளம் எந்தக் கணக்கில் வருகிறது, எத்தனை காலம் வரும் என வினவினால், பிள்ளைகளுக்கே விடை தெரிவதில்லை. பாவு, ஊடை, ஜரிகை எடைகளில் சிறிது பிசகினாலும் பாஸ் புத்தகத்தை நீட்டி நம்மிடம் வாதாடும் அங்கத்தினர்கள், இவ்விஷயத்தில் வாளாவிருப்பது வியப்பே.

1981-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, தமிழ்நாட்டிற்கே உரியதாய் விளங்கும் சட்டம் ஒன்று உண்டு. தொழில் நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு நிரந்தரத் தகுதி வழங்குவது அதன் நோக்கம். 24 மாத காலத்தில் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரத் தொழிலாளியாக்க வேண்டும் என்பது அதன் சாரம். சராசரியாகப் பார்த்தால், மாதம் 20 நாட்கள். முழுச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு, வேலையின்போது நேர்ந்த விபத்தால் வர இயலாத நாட்கள், 12 வாரத்திற்கு மேற்படாத பேறுகால விடுப்பு ஆகியவையும் இக்கணக்கில் சேரும். நோயினாலோ, சட்டத்திற்குப் புறம்பல்லாத வேலைநிறுத்தத்தினாலோ இடையில் வேலை தடைப்பட்டால் தொடர்ச்சி அறுபட்டதாகாது. பதிலி ஆட்களுக்கும் இது பொருந்தும்.

சட்டம் இவ்வாறு தெளிவாயிருக்க, நடைமுறையில் இடறுவது எங்கே? பெரும்பாலும் ஏட்டில்தான். பையன் அதே வாயிலில் நுழைந்து அதே இயந்திரத்தருகே நிற்கிறான். ஆனால் அவன் பெயர் ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் மாறினால் புதிய அடையாள அட்டை வருகிறது. நாட்கணக்கும் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்குகிறது! பயிற்சியாளர் என்ற பெயரிலும் காலம் கழிகிறது. கணக்கேடுகளைப் பார்த்தே பழகிய நமக்கு, இது பழைய பேரேட்டைக் கிழித்துவிட்டுப் புதியது எழுதுவது போலவே படுகிறது.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஊதியத் தொகுப்பில் அடங்கிவிட்டன. அதில் நம்மவர் கவனிக்க வேண்டியது படிகளைப் பற்றிய ஷரத்து. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் எழுதினால் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சுருங்கும். இப்போது, விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கொள்ளப்படும். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். மிகைநேர வேலைக்கு இருமடங்கு கூலி. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் அவரை அமர்த்திய நிறுவனமே கொடுக்கக் கடமைப்பட்டது. வேலையில் சேருவோருக்கு நியமனக் கடிதம் தருவதும் கட்டாயம்.

வேலை நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அவ்வாண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

சங்கம் என்றால் பதிவு என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு தம் சங்கத்தின் பதிவையும் அங்கீகாரத்தையும் கோரினர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றபின், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியுள்ள அங்கத்தினர்கள் மாதந்தோறும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கோத்து வைக்கட்டும். வேலை பார்த்த நாட்களை ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதிவரட்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் பழைய அடையாள அட்டையின் நகலொன்றை வைத்துக்கொள்வது நலம். 480 நாட்கள் நிறைந்தும் நிரந்தரமாக்கப்படாதவர் அச்சட்டத்தின் கீழுள்ள ஆய்வாளருக்கு மனுச் செய்யலாம். மனுவுடன் நகல்களை மட்டும் இணைக்க வேண்டும். மூலச் சீட்டுகள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.