ஒப்டிமஸ் பிரைம் இறந்தபோது



1984இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ்’ கார்ட்டூன், ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் பொம்மைகளை விற்பதற்காகவே உருவான தொடர். ஆனாலும் லொறியாக மாறும் தலைவன் ஒப்டிமஸ் பிரைம் பிள்ளைகளின் மனதில் உயிருள்ளவனாகிவிட்டான். புதிய பொம்மைகளுக்கு இடம்விட, 1986இல் வந்த கார்ட்டூன் திரைப்படத்தில் அவனைச் சாகடித்தார்கள். பிள்ளைகள் அழுதார்கள். 1987இல் தொடரில் அவனை உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று.

மைக்கேல் பே இயக்கி 2009இல் வெளிவந்த இரண்டாம் பாகம் ‘ரிவெஞ்ச் ஒஃப் த ஃபாலன்’. இதிலும் ஒப்டிமஸ் இறக்கிறான். குரலும் பழைய பீற்றர் கலனுடையதே. காட்டுக்குள் அவன் தனியாக மூவரோடு மோதும் சண்டை அருமை. ஆனால் நமக்கு அழுகை வருவதில்லை. ஏன்?

கார்ட்டூனில் ஒவ்வொரு ரோபோவுக்கும் தனி நிறம், தனிக் குணம் இருந்தது. இங்கே சாம்பல்நிற இரும்புகள் மோதும்போது யார் யாரை அடிக்கிறார் என்றே விளங்குவதில்லை. இரண்டரை மணி நேரப் படத்தில் துக்கத்துக்குச் சில நிமிடங்கள்கூட ஒதுக்காமல், கொச்சைப் பகிடிகளுக்குத் தாவிவிடுகிறார்கள்.

படம் 80 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. மோசமான படத்துக்கான ராஸி ‘விருதையும்’ வாங்கியது.

பெற்றோரே, சிறுபிள்ளைகளுக்கு இது ஏற்றதல்ல. பழைய கார்ட்டூனைப் போட்டு, பக்கத்தில் இருந்து பாருங்கள். யாரைப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று பிள்ளைகள் தாங்களாகவே சொல்வார்கள்.