விமானிக்கு ஒரு சத்தமில்லாத துப்பாக்கி

எதிரி மண்ணில் பாராசூட்டில் இறங்கும் ராணுவ விமானிக்கு இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மீட்புக் குழு வரும்வரை பட்டினி கிடக்காமல் முயலையோ பறவையையோ சுட்டுத் தின்ன வேண்டும். தேடி வருகிறவர்களின் காதில் அந்த வெடிச் சத்தம் விழவும் கூடாது. சைலன்சர் பொருத்திய சிறிய கைத்துப்பாக்கி இந்த இரண்டையும் சமாளிக்கும் முயற்சி.

இந்த வகையில் புகழ்பெற்றது அமெரிக்காவின் ஹை ஸ்டாண்டர்டு எச்.டி.எம். இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டு உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்.ஸுக்காக உருவானது, விமானிகளை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. இதன் சைலன்சரை வடிவமைத்தவர்கள் பெல் தொலைபேசி ஆய்வகத்தார். ஒலியை ஆராய்வதே தொழிலாக இருந்தவர்களிடம் அந்த வேலை போனது பொருத்தமானது.

துப்பாக்கியின் சத்தம் ஒன்றல்ல, மூன்று. குழலின் வாயிலிருந்து சீறும் சூடான வாயு முதலாவது. குண்டு ஒலியைவிட வேகமாகப் பாய்ந்தால் காற்றில் எழும் அறைவது போன்ற சத்தம் இரண்டாவது. இயங்கு பாகங்கள் மோதும் உலோகச் சத்தம் மூன்றாவது. முதலாவதுதான் பெரிது. பிரஷர் குக்கரின் வெயிட்டைச் சட்டெனத் தூக்கினால் ஆவி சீறுகிறது. அழுத்தம் மெல்லத் தணிந்த பிறகு தூக்கினால் அடங்கியிருக்கிறது. எச்.டி.எம்.மும் வாயுவின் அழுத்தத்தை முன்கூட்டியே தணித்துவிடுகிறது. குழலில் உள்ள துளைகள் வழியே வாயுவின் ஒரு பகுதி வெளியேறி, சுற்றிலும் உள்ள உலோகக் கம்பிவலைக்குள் நுழைகிறது. நெருக்கமான கம்பிகள் வெப்பத்தை உறிஞ்ச, வாயு குளிர்ந்து வேகமிழக்கிறது. உந்தும் வாயு குறைவதால் குண்டின் வேகமும் ஒலியின் வேகத்துக்குக் கீழேயே, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டருக்குள், அடங்கிவிடுகிறது. ஒரே ஏற்பாடு இரண்டு சத்தங்களைக் குறைப்பதுதான் இதன் அழகு. மூன்றாவது சத்தம் மிஞ்சும். முழு நிசப்தம் எந்தச் சைலன்சராலும் வராது.

.22 அங்குலத் தோட்டாவைத் தேர்ந்ததற்கும் சத்தத்தைக் குறைப்பதே காரணம். வெடிமருந்து குறைவு, அதனால் அடக்க வேண்டிய வாயுவும் குறைவு. தோட்டாக்கள் சிறியவை என்பதால் நிறைய எடுத்துச் செல்லலாம். முயலுக்கு இந்த பலம் போதும். துப்பாக்கி ஏந்திய படையினரை எதிர்த்து நிற்கப் போதாது. கம்பிவலையும் சுடச்சுடத் தேய்ந்து, மாற்ற வேண்டிய நிலைக்கு வரும்.

இடமும் எடையும் வேறு தொல்லை. எச்.டி.எம். சுமார் 35 சென்டிமீட்டர் நீளம், 1.3 கிலோ எடை. நெருக்கமான விமானி அறைக்கு அது பெரிய பொருள். அமெரிக்க விமானப் படை 1950-களில் நேர்எதிர் வழியில் போய், அலுமினியத்தால் ஆன எம்-13 ரிவால்வரை விமானிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. எடை அரை கிலோவுக்கும் குறைவு. ஆனால் சைலன்சர் கிடையாது. மெல்லிய அலுமினிய உருளை வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காததால், அவற்றில் பெரும்பாலானவை பின்னர் அழிக்கப்பட்டன.

1960 மே 1 அன்று பெஷாவரிலிருந்து யு-2 உளவு விமானத்தில் கிளம்பிய அமெரிக்க விமானி பிரான்சிஸ் கேரி பவர்ஸிடம் எச்.டி.எம். இருந்தது. ஸ்வெர்ட்லோவ்ஸ்க் அருகே சோவியத் ஏவுகணை விமானத்தை வீழ்த்தியது. பாராசூட்டில் இறங்கியவரை உள்ளூர்க்காரர்கள் உடனே சூழ்ந்துகொள்ள, துப்பாக்கி ஒரு முறைகூட வெடிக்காமல் கைமாறியது. ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த விசாரணையில், அது வேட்டைக்காகத் தரப்பட்டது என்றார் பவர்ஸ். வடிவமைப்பைப் பார்த்தால் நம்பத்தக்க பதில்தான். ஆனால் ஒளிந்திருப்பவனைக் காக்கும் அதே சைலன்சர், பிடிபட்டவனைக் கொலையாளிபோலக் காட்டிவிடுகிறது. அந்தச் சிக்கலுக்கு ஆய்வகத்தில் தீர்வு இல்லை.