வல்லமைக்கு ஒரு விலை உண்டு
கற்பனைச் சீட்டு ஒன்றை உருவாக்குவது எப்படி?

சீட்டு என்னும் சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். பணம் வைத்தாடிக் குடும்பம் கெட்ட கதைகளை அறிந்தவர்கள் அவ்வாறு அஞ்சுவதில் வியப்பில்லை. ஆயின், மாத்தளை மாவட்டத்து யட்டவத்தவில் மாணவர் சிலரின் கைகளில் இன்று நாம் காணும் சீட்டு வேறு வகையினது. மாயாவிகளும் பூதங்களும் பறக்கும் நாகங்களும் படங்களாக அமைந்து, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விதியைத் தாங்கி நிற்கும் கற்பனைப் போர்ச்சீட்டு அது. கடையில் வாங்கியவற்றோடு நின்றுவிடாமல், மட்டையை வெட்டித் தாமே புதிய சீட்டுகளைப் படைக்கவும் அவர்கள் முற்படுகின்றனர்.

முயற்சி நன்றே. ஆனால், அவர்கள் படைக்கும் முதற்சீட்டு பெரும்பாலும் ஒரே வகையாக இருக்கிறது. அது யாரையும் வெல்லும். அதனை எவராலும் வெல்ல இயலாது. அத்தகைய சீட்டு ஏன் ஆட்டத்தையே அழித்துவிடுகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மன்னர் வகுத்த சீட்டுகள்

சீட்டை விருப்பப்படி வகுத்துக்கொள்வது இந்தியத் துணைக்கண்டத்தவர்க்குப் புதிதன்று. முகலாயப் பேரரசர் பாபர் 1527ஆம் ஆண்டில் சிந்து நாட்டிலிருந்த நண்பருக்குக் கஞ்சிபாச் சீட்டுகளை அனுப்பியதாகத் தம் வரலாற்று நூலில் குறித்துள்ளார். பாரசீகத்திலிருந்து வந்த அந்த ஆட்டத்தை இந்தியர் தமதாக்கிக் கொண்டனர். திருமாலின் பத்து அவதாரங்களையும் பத்து இனங்களாக்கி, இனத்திற்கு 12 வீதம் 120 வட்டச் சீட்டுகள் கொண்ட தசாவதாரக் கட்டு அவ்வாறு தோன்றியதே. அதில் பகலில் ஆடினால் இராமர் சீட்டு உடையவர் ஆட்டத்தைத் தொடங்குவார். இரவில் ஆடினால் கிருஷ்ணர் சீட்டு உடையவர் தொடங்குவார். சில இனங்களில் பத்து பெரிது, ஒன்று சிறிது. ஏனையவற்றில் ஒன்றே பெரிது, பத்தே சிறிது. ஆகவே, எண் சிறிதென்று எந்தச் சீட்டையும் இகழ்ந்துவிட முடியாது.

மைசூரை ஆண்ட மும்முடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இதனினும் ஒருபடி மேலே சென்றார். அவர் வகுத்த சீட்டாட்டங்கள் பல. அவற்றுட் பெரிய கட்டில் 360 சீட்டுகள் இருந்தன.

நம் இலங்கையில் ஊர்தோறும் ஆடப்படும் முந்நூற்று நான்கு என்னும் கடதாசி விளையாட்டையே நோக்குவோம். அதில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராணிக்கு 2. முடிசூடிய இராசாவுக்கோ வெறும் 3! ஓர் இனத்திற்கு 76 ஆக, நான்கு இனத்திற்கும் 304. படத்தின் பெருமை வேறு, சீட்டின் மதிப்பு வேறு. மதிப்பைத் தருவது விதியே. சீட்டு வரைவோர் கற்க வேண்டிய முதற்பாடம் இது.

ஐந்து சீட்டுகளின் கதை

இன்றைய கற்பனைச் சீட்டாட்டங்களுக்கு வழிகாட்டியானது ‘மாஜிக் த கதரிங்’ என்பது. கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்பவர் உருவாக்க, அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதில் ஆடுவோர் முறைக்கு ஒரு நிலச்சீட்டையே பொதுவாகக் களத்தில் வைக்கலாம். அந்நிலங்கள் தரும் ஆற்றலைச் செலவிட்டே பிற சீட்டுகளை இறக்க முடியும். எனவே, விலை ஐந்து என்றால் அச்சீட்டு வழக்கமாக ஐந்தாம் முறைக்கு முன் களம் காணாது.

அந்த முதற்பதிப்பில் ஐந்து நிறங்களுக்கும் ஐந்து சீட்டுகள் ஒரே அளவில் வகுக்கப்பட்டன. விலை ஒன்று, பயன் மூன்று. ஒன்று எதிரிக்கு மூன்று காயம் தரும். ஒன்று மூன்று உயிர்ப்புள்ளிகளைக் காக்கும். ஒன்று படைக்கு மூன்று வலிமை கூட்டும். ஒன்று மூன்று அளவு ஆற்றல் ஈனும். ஐந்தாவதாகிய ‘அன்செஸ்ட்ரல் ரீகோல்’ கட்டிலிருந்து மூன்று சீட்டுகளை எடுக்கவிடும். எண்ணளவில் ஐந்தும் சமமே. ஆயினும், ஆடிப் பார்த்தபோது இறுதிச் சீட்டு ஏனைய நான்கையும் மிகவும் விஞ்சி நின்றது. காயம் ஒருமுறையோடு தீரும். புதிதாக வரும் மூன்று சீட்டுகளோ மூன்று புதிய வழிகளைத் திறக்கும். முடிவில், ஒருவர் தம் கட்டில் அதனை ஒன்றுக்கு மேல் வைத்திருக்கலாகாது எனத் தடை விதிக்க நேர்ந்தது. கணித அறிஞரின் கணக்கையும் ஆட்டக்களமே திருத்தியது.

பின்னாளில், சிறப்புப் போட்டியில் வென்றவர்க்கு ஒரு சீட்டை உருவாக்கும் உரிமை பரிசாக அளிக்கப்பட்டது. அவ்வகையில் போர்த்துக்கல் நாட்டு ஆட்டக்காரர் தியாகோ சானின் சீட்டு 2011இல் வெளியாயிற்று. அதிலுள்ள முகம் அவருடையதே. ஆனால், அவர் எழுதித் தந்த விதி அப்படியே அச்சேறவில்லை. பலமுறை மாற்றப்பட்ட பின்னரே வெளிவந்தது.

நம் ஊர் மிளகுக்கொடி

இனி நாமும் ஒரு சீட்டை வகுத்துப் பார்ப்போம். நாகங்களைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. யட்டவத்தப் பக்கத்து மலைச்சரிவுகளில் மிளகுக்கொடி இருக்கிறது. முதல் வரைவு இப்படி அமைந்தது என்று கொள்வோம்: விலை ஒன்று, ஒவ்வொரு முறையும் வலிமை ஒன்று கூடும், எல்லையே இல்லை. ஆடிப் பாருங்கள். முதல் முறையிலேயே இறக்கியவர்க்கு அதன்பின் யோசிக்க எதுவுமில்லை. எதிரே இருப்பவர்க்கோ ஆட எதுவுமில்லை.

இதற்கு மருந்து அந்தக் கொடியிடமே இருக்கிறது. மிளகு தனித்து நிற்காது. முள்முருக்குப் போன்ற ஒரு மரத்தைப் பற்றியே ஏறும். நட்டவுடன் காய்க்காது, ஏறத்தாழ மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் விதியாக்குவோம்:

‘மிளகுக்கொடி. விலை ஒன்று. வலிமை இல்லை. உமது களத்தில் உள்ள ஒரு மரச்சீட்டின் மேல் வைக்கவும். உமது மூன்று முறைகள் கழிந்த பின் வலிமை நான்கு. மரம் வீழ்ந்தால் கொடியும் வீழும்.’

இப்போது கொடி உடையவர்க்கு மரத்தைக் காக்கும் கவலை உண்டு. எதிரிக்கு மூன்று முறை அவகாசமும், மரத்தை வீழ்த்தும் வழியும் உண்டு. இருவரும் சிந்திக்கிறார்கள். ஆட்டம் என்பது அதுவே அன்றோ?

மாணவர்க்குச் சில சொற்கள்

வரைந்த சீட்டைப் பத்து ஆட்டங்களிலேனும் சோதியுங்கள். அவற்றுள் ஐந்தில் அதனை எதிரியின் கையில் கொடுத்து, நீங்கள் அதற்கு எதிராக ஆடுங்கள். நம் கையில் இருக்கும்போது இனிக்கும் வல்லமை, எதிர்ப்புறம் இருக்கும்போது எவ்வாறு இருக்கிறது என்பது அப்போது விளங்கும். விதியை இரண்டு மூன்று வாக்கியங்களில் அடக்குங்கள். தம்பியோ தங்கையோ ஒருமுறை படித்ததும் விளங்காவிடின், மீண்டும் எழுதுங்கள்.

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். இவ்வகைச் சீட்டுகள் பெரும்பாலும் மூடிய பொதிகளில் விற்கப்படுகின்றன. உள்ளே அரியது இருக்குமா, எளியது இருக்குமா என்பது பிரித்த பின்னரே தெரியும். பொதி பொதியாக வாங்கும் ஆசைக்குப் பிள்ளைகள் ஆளாகாதபடி காப்பது கடமை. வீட்டில் செய்யும் சீட்டுக்கோ ஒரு மட்டையும் பென்சிலும் போதும். பிள்ளை தன் சீட்டைக் கொண்டுவந்து காட்டும்போது, படம் அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட வேண்டாம். “இதற்கு என்ன விலை வைத்திருக்கிறாய்? ஏன் அவ்வளவு?” என்று கேளுங்கள். பிறகு உடன் அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடுங்கள்.