கயிறு யார் கையில்?

ஆலைக்குள் லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. வந்து நிற்கும் வண்டியில் கதவு சரியாகப் பொருந்தவில்லை. அதைக் கண்டவன் தொழிலாளி. பழுது இன்னதென்று அறிந்தவனும் அவனே. ஆனால், "நிறுத்து!" என்று சொல்லும் அதிகாரம் அவனுக்கு உண்டா?

இல்லை என்கிறது ஒரு நிர்வாக முறை. உண்டு என்கிறது இன்னொன்று. கேள்வி சிறியதுதான், தோழர்களே! ஆனால் உழைப்பவனை மனிதனாக மதிக்கிறார்களா, இயந்திரத்தின் ஓர் உறுப்பாக எண்ணுகிறார்களா என்பதை இந்த ஒரு கேள்வியே காட்டிக் கொடுத்துவிடும்.

மூளை மேலே, கை கீழே என்ற முறைக்குச் சாத்திரம் எழுதியவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர். 1911-ல் வெளிவந்த அவரது நூலில் பெத்லகேம் எஃகு ஆலைக் கதை வருகிறது. இரும்புப் பாளம் சுமக்கும் தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்துகொண்டிருந்தாராம். எப்போது தூக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று கடிகாரமும் கையுமாக ஒருவர் கட்டளையிட, அந்தச் சுமை 47 டன்னாக உயர்ந்ததாம். கூலி? 1 டாலர் 15 சென்ட் என்பது 1 டாலர் 85 சென்ட் ஆயிற்று. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலியோ அறுபது சதவிகிதம் அதிகம்! இதற்கு இட்ட பெயர், 'விஞ்ஞான நிர்வாகம்'.

விஞ்ஞானத்தின் மீது தொழிலாளிக்குப் பகை இல்லை. தன் உழைப்பை அளக்கும் கோல் தன் எதிரியின் கையில் இருப்பதைத்தான் அவன் வெறுக்கிறான். அதே 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் அரசாங்க ஆயுதச் சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். கூலி உயர்வுக்காக அல்ல. தங்கள் முதுகுக்குப் பின்னே கடிகாரம் பிடித்து நிற்கக்கூடாது என்பதற்காக! அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழு அமைத்தது. 1912-ல் டெய்லரே அதன்முன் நின்று பதில் சொல்ல நேர்ந்தது.

போர்டு கம்பெனி கதையும் இதுவே. 1913-ல் ஹைலண்டு பார்க் ஆலையில் ஓடும் லைன் வந்தது. அடிச்சட்டம் ஒன்றைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது போய், ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. சாதனைதான்! ஆனால் நாள் முழுதும் ஒரே திருகைத் திருகிக்கொண்டு நிற்க மனிதன் மறுத்தான். அந்த ஓராண்டில் ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் நிறுத்திவைக்க 52,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவன் வந்த வழியே போனான்! 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று ஹென்றி போர்டு அறிவித்தது பெருந்தன்மையால் என்று பேசுவோர் உண்டு. ஓடியவர்களின் கால்கள் அல்லவா அந்த ஐந்து டாலரை வாங்கித் தந்தன!

இனி, கலிபோர்னியா மாநிலத்து பிரிமாண்ட் நகருக்கு வருவோம்.

அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. என்ன நேர்ந்தாலும் லைன் நிற்கக்கூடாது என்பது அங்கே எழுதாச் சட்டம். பழுதோடு வண்டி போகட்டும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்! விளைவு என்ன? நூற்றுக்கு இருபது பேர் வேலைக்கே வராத நாட்கள், மலைபோல் புகார்கள், அடிக்கடி மூண்ட சண்டைகள். "தொழிலாளி சோம்பேறி, சங்கம் முரடு" என்று தீர்ப்பு எழுதி, 1982-ல் ஆலையை மூடினார்கள்.

1984-ல் அதே கட்டடம் மீண்டும் திறந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானிய டொயோட்டாவும் கூட்டாக நடத்திய 'நம்மி' ஆலை அது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் யார்? பெரும்பாலோர், 'முரடர்' என்று பட்டம் பெற்ற அதே தொழிலாளர்கள்! சங்கமும் அதே சங்கம்!

மாறியது ஆள் அல்ல, அமைப்பு. எண்பதுக்கு மேற்பட்ட வேலைப் பிரிவுகள் போய், உற்பத்தித் தொழிலாளர் அனைவருக்கும் ஒரே பிரிவு வந்தது. அதிகாரிக்குத் தனிச் சாப்பாட்டறை இல்லை. சிறு சிறு குழுக்கள். டெய்லரின் கடிகாரம் இப்போது தொழிலாளியின் கைக்கே வந்தது. வேலையின் நேரத்தை அளந்து, செய்முறையை எழுதியவர்களும் குழுவினரே. லைன் நெடுகிலும் தலைக்கு மேலே ஒரு கயிறு. பழுதைக் கண்டவர் இழுக்கலாம். குழுத்தலைவர் ஓடி வருவார். குறித்த எல்லைக்குள் பழுது தீராவிட்டால் லைன் நின்றுவிடும்.

இந்தக் கயிற்றின் மூலம் எது தெரியுமா? ஒரு தறி! நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை 1924-ல் உருவாக்கினார் சகிச்சி டொயோடா. தறிக்கு இருந்த உரிமை மனிதனுக்குக் கிடைக்க எத்தனை ஆண்டுகள் ஆயின, பார்த்தீர்களா!

வேலைக்கு வராதோர் தொகை மளமளவென்று குறைந்தது. வண்டிகளின் தரம் உயர்ந்தது. 1988-ல் விற்பனை சரிந்தபோதும் ஆட்குறைப்பு இல்லை. மிஞ்சிய நேரத்தில் தொழிலாளருக்குப் பயிற்சி தந்தார்கள். "தொழிலாளி சரியில்லை" என்ற பழம் பல்லவி பொய்த்துப் போயிற்று!

ஆகவே டொயோட்டாவுக்கு மாலை போடச் சொல்கிறேனா? அதுதான் இல்லை. பழைய ஆலையில் நிமிடத்துக்கு 45 விநாடி அசைந்த கை, புதிய ஆலையில் 57 விநாடி அசைந்தது. மூச்சுவிட மிஞ்சியது மூன்றே விநாடி! மதிப்புத் தந்தார்கள், மதிப்புக்கு மேல் உழைப்பையும் பெற்றார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகிக் கூட்டிலிருந்து விலகியது. 2010 ஏப்ரல் 1-ஆம் நாள் டொயோட்டா ஆலையை மூடியது. ஏறத்தாழ 4,700 பேர் தெருவுக்கு வந்தனர். லைனை நிறுத்தக் கயிறு இருந்தது. கதவடைப்பை நிறுத்தக் கயிறு இருந்ததா? ஆலை வாழ்வதா சாவதா என்று முடிவு செய்த மேசையைச் சுற்றி அந்தத் தொழிலாளிக்கு நாற்காலி இல்லையே!

நாற்காலி போட முடியாதா? முடியும். ஜெர்மனியில் 1951-ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரி, எஃகுக் கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர் தரப்புக்குச் சரிபாதி இடம் தந்தது. நம் நாட்டிலும் 1976-ல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம், நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 43-ஏ பிரிவை அரசியல் சட்டத்தில் சேர்த்தது. ஆனால் அது வழிகாட்டும் கொள்கை. நீதிமன்றத்தில் வழக்காடிப் பெற முடியாதது. ஏட்டில் இருக்கும் அந்த எழுத்தை ஆலைக்குள் கொண்டுவருவது சங்கத்தின் வேலை.

தோழர்களே, கூலி உயர்வு கேளுங்கள், போனசு கேளுங்கள். அவற்றோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: வேலையின் வேகத்தை நிர்ணயிப்பது யார்? ஆபத்தைக் கண்டால் நிறுத்தும் உரிமை யாருக்கு? ஆலையின் எதிர்காலத்தை முடிவு செய்யும்போது எங்கள் குரல் எங்கே?

அதே கேள்வியை நம் சங்கத்துக்குள்ளும் கேட்டுப் பாருங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர் எழுந்து, "இது தவறு" என்றால், மேடை ஒரு நிமிடம் நிற்கிறதா? நிற்காவிட்டால், முதலாளியிடம் கயிறு கேட்க நமக்கு என்ன தகுதி?

முதலில் நம் வீட்டில் கயிறு கட்டுவோம். பிறகு ஆலை வாசலுக்குப் போவோம்!