ஒரு மலை, இரண்டு கோப்புகள்: சேர்வராயன் மலையில் நில வகை மாற்றமும் பொதுக்கூடமும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் கவிதையோ கதையோ பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பு இருக்கும். நான் அரசு அலுவலகத்தின் இரண்டு கோப்புகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நிலம் பறிபோனதை நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அது எந்தத் தாளில், யாருடைய மேசையில், எத்தனை நாள் கெடுவுக்குள் பறிபோகிறது என்பதை நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை.

முதல் கோப்பு, நிலப் பயன்பாட்டு மாற்றம். காப்பித் தோட்டம் என்றோ புஞ்சை என்றோ பதிவில் இருக்கும் நிலத்தை விடுதியாக, வில்லா மனையாக, வணிக இடமாக மாற்றித் தரும்படி கேட்கும் மனு. இரண்டாவது கோப்பு, சமுதாயக் கூடம். கல்யாணம், காதுகுத்து, துக்கம், கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒரு கூரை கேட்கும் மனு. இவை வேறு வேறு பிரிவுகளில் இருக்கும். ஒன்றைப் பார்க்கும் எழுத்தர் மற்றதைப் பார்க்கமாட்டார். ஆனால் இரண்டும் ஒரே நிலத்தைப் பற்றியவை. முதல் கோப்பு வேகமாக நகர நகர, இரண்டாவது கோப்புக்கு இடம் இல்லாமல் போகிறது.

ஏற்காட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றுலா வருபவருக்கு அது ஒரு நகரம்: ஏரி, அண்ணா பூங்கா, கோடை விழா, வளைவுக்கு வளைவு விடுதிப் பலகை. சட்டப்படி அது நெடுங்காலம் ஒரு கிராம ஊராட்சியாகவே இருந்தது. நகராட்சியும் இல்லை, மாநகராட்சியும் இல்லை. சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. மலையின் பழைய குடிகள் மலையாளிப் பழங்குடி மக்கள். (பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்களா என்று கேட்கும் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலையில் வாழ்பவர் என்பதே பொருள்.) 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியை இங்கே கொண்டுவந்தார். அதன் பின்னால் எஸ்டேட்டுகள் வந்தன. எஸ்டேட்டுக்குக் கூலிகள் வேண்டும். பழங்குடியினரும் சமவெளியிலிருந்து ஏறிவந்த தலித் குடும்பங்களும் அந்தக் கூலிகள் ஆனார்கள். குடியிருக்கும் லயன் வீடும் எஸ்டேட்டுடையது, அதைச் சுற்றியுள்ள மண்ணும் எஸ்டேட்டுடையது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். பின்னால் கூடத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

முதல் கோப்பு எப்படி நகர்கிறது? 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் அடிப்படை. முழுமைத் திட்டம் போடப்பட்ட ஊரில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு வகை இருக்கும்: குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை, பொது உபயோகம். வகையை மாற்றக் கேட்பவர் மனுவும் கட்டணமும் கொடுக்கிறார். நாளிதழில் அறிவிப்பு வருகிறது. ஆட்சேபணை சொல்ல ஒரு கெடு உண்டு. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அறிவிப்புகளில் அது 21 நாள். பிறகு தொழில்நுட்ப அறிக்கை, குழுமத்தின் தீர்மானம், அரசாணை. திட்டம் போடப்படாத ஊரில் வழி வேறு. 2016 செப்டம்பரில் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன் தொடர்ச்சியாக 2017இல் அரசு இரண்டு விதித் தொகுப்புகளைக் கொண்டுவந்தது. ஒன்று பழைய மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த. மற்றது, திட்டமில்லாப் பகுதிகளில் வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற.

மலைக்கு இதற்கு மேல் இன்னொரு பூட்டு இருக்கிறது. 1990இல் அரசு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. அதன் பட்டியலில் ஏற்காட்டுக் கிராமங்களும் உண்டு. அங்கே மனை போட, கட்டடம் எழுப்ப, வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்து வேண்டும். காட்டிலிருந்து எவ்வளவு தூரம், சரிவு எவ்வளவு, மண் தாங்குமா என்று பார்ப்பதற்காக. இது நல்ல பூட்டுத்தான். ஆனால் கருத்துக் கேட்கும் அந்த வரிசையில் அந்த மண்ணில் வேலை செய்பவர்கள் எங்கே? சரிவைப் பற்றிக் கேட்கிறார்கள், மண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள். லயனில் குடியிருப்பவர் எங்கே போவார் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

எஸ்டேட் நிலத்தில் இன்னொரு கேள்வியும் புதைந்திருக்கிறது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு போட்டார்கள். 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. காப்பி, தேயிலை போன்ற தோட்டங்களுக்கு மட்டும் விலக்குத் தந்தார்கள். ஏன்? தோட்டத்தைத் துண்டாக்கினால் உற்பத்தி கெடும், வேலை போகும் என்றார்கள். சரி. அந்தத் தோட்டத்தின் உடைமையாளரே அதை வில்லா மனைகளாகத் துண்டாக்க மனுப் போடும்போது, விலக்குக்குச் சொன்ன காரணம் என்ன ஆனது? நில வகை மாற்றம் என்பதை வெறும் கட்டட அனுமதி விவகாரமாகப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நிலமற்றவருக்குப் போயிருக்கவேண்டிய உபரி நிலம், தோட்டம் என்ற பெயரால் காப்பாற்றப்பட்டு, பிறகு தோட்டம் இல்லை என்று சொல்லி விற்கப்படலாம். பஞ்சமி நிலத்தின் கதையும் இதற்குத் தூரத்து உறவு அல்ல. செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த ஏற்பாடு, அந்த நிலம் பிறர் கைக்குப் போகக்கூடாது என்றது. போனது. அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள்.

விதியை மீறிவிட்டுப் பிறகு விலக்குக் கேட்பது மலைகளில் பழகிய வழி. கொடைக்கானலில் பிளசண்ட் ஸ்டே விடுதிக்கு அனுமதி கிடைத்தது தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும். எழுந்தது ஏழு தளம். 1994இல் மாநில அரசு விலக்கு ஆணை தந்தது. பழனி மலையின் பாதுகாப்புக்கான அமைப்பு வழக்குப் போட, உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, மேல் தளங்களை இடிக்கச் சொன்னது. அந்த விலக்கு தொடர்பான குற்ற வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2001இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தண்டனை அறிவிக்கப்பட்ட அதே நாளில் தருமபுரியில் பேருந்து எரிக்கப்பட்டு வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் மாண்டார்கள். சேர்வராயன் மலையிலிருந்து தருமபுரி தூரமில்லை. தளக் கணக்கு என்பது பொறியாளர்களின் சங்கதி என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

இப்போது இரண்டாவது கோப்பு. கிராம ஊராட்சி தன் சொந்தப் பணத்தில் ஒரு கூடம் கட்டமுடியுமா? வீட்டு வரி, தொழில் வரி, மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் என்று வரவுகள். 15ஆவது நிதிக்குழுவின் மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டப்பட்டது. மிச்சத்தில் தெருவிளக்கும் சாலையும் போக ஒரு கூடம் எழும்புவது கடினம். ஆகவே கூடம் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பணத்தில்தான் வருகிறது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஒரு வழி. நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் என்பது வழிகாட்டு நெறி. அதாவது 75 லட்சமும் 37.5 லட்சமும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒன்று. பணம் உள்ள தெருவுக்கு அது வசதியான திட்டம். 2023இல் அறிவிக்கப்பட்ட அயோத்திதாசர் பெயரிலான குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம், ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி. 2024இல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான நிதி ஒதுக்கீட்டைச் சட்டமாகவே ஆக்கினார்கள்.

பணத்துக்கு ஆக வழி இருக்கிறது. முட்டுக்கட்டை வேறு இடத்தில். பொதுப் பணத்தில் கட்டும் கூடம் அரசின் அல்லது உள்ளாட்சியின் நிலத்தில் நிற்கவேண்டும். லயன் நிலம் எஸ்டேட்டுடையது. நிதி வந்து, இடம் இல்லை என்று திரும்பும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பொழுதுபோக்கு வசதியை முதலாளியின் கடமையாக்க மாநிலத்துக்கு அதிகாரம் தந்தது. ஆனால் முதலாளி தரும் கூடத்தில் சங்கக் கூட்டம் போடமுடியுமா என்பதை எஸ்டேட்டில் வேலை செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

காட்டை ஒட்டிய ஊர்களுக்கு ஒரு வாசல் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவு, 13 வகைப் பொது வசதிகளுக்கு வன நிலத்தைத் தரலாம் என்கிறது. அதில் சமுதாயக் கூடமும் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்கவேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்கவேண்டும். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒன்றுகூட அறிவிக்கப்படாததால், பிற மாநிலப் பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்குள்ள தனி அதிகாரங்கள் சேர்வராயன் மலைக்கு இல்லை. அதனால் இந்த 3(2) பிரிவு நமக்கு இன்னும் முக்கியம்.

இரண்டு கோப்புகளும் நேராக மோதிக்கொள்ளும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். திட்டம் போட்ட ஊரில் ஒரு தனியார் நிலத்தைப் பொது உபயோகத்துக்கு என்று குறித்துவிட்டால் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். 1971 சட்டத்தின் 38ஆவது பிரிவைப் படியுங்கள். குறித்த நிலத்தைக் கையகப்படுத்த மூன்று ஆண்டுக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால் அது விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். அதாவது வரைபடத்தில் இடம் ஒதுக்கிவிட்டுப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்காவிட்டால், பொது இடம் சத்தமில்லாமல் தனியார் இடமாகத் திரும்பிவிடும். பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு திறந்தவெளியை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தரவேண்டும் என்ற விதியை 2023இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பூங்காவாக, விளையாட்டிடமாக அது நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அந்தத் தானப் பத்திரம் உண்மையில் பதிவானதா என்று பார்ப்பது நம் வேலை.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? லாஸ் ஏஞ்சலஸில் சாவேஸ் ரவைன் என்ற இடத்தில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்தன. ஏழைகளுக்கு வீடு கட்டப் போகிறோம் என்று 1950களின் தொடக்கத்தில் அவர்களைக் கிளப்பினார்கள். வீடு வரவில்லை. நகர மன்றம் நிலத்தை ஒரு பேஸ்பால் அணிக்குத் தர ஒப்பந்தம் போட்டது. 1958இல் வாக்கெடுப்பில் மயிரிழையில் அது நிறைவேறியது. 1962இல் மைதானம் திறந்தார்கள்.

நம் இயக்கத்துக்குள் பேசித் தீராத விஷயம் ஒன்றுக்கு வருகிறேன். காலனிக்குத் தனிக் கூடம் கேட்பதா, ஊருக்குப் பொதுவான கூடத்தில் உரிமை கேட்பதா? தனிக் கூடம் வந்தால் நம் பிள்ளைகளின் கல்யாணம் கௌரவமாக நடக்கும். அதே சமயம் ஊர் மண்டபத்தின் சாவியை நமக்குத் தரவேண்டிய கடமையிலிருந்து ஊராட்சி தப்பித்துக்கொள்ளும். உங்களுக்குத்தான் தனியாகக் கட்டிக் கொடுத்தாயிற்றே என்பார்கள். நம் ஒதுக்கீட்டுப் பணமே சாதிச் சுவருக்குச் செங்கல்லாகிறது. என் கருத்து, கூடம் எங்கே நிற்கிறது என்பதைவிட வாடகைப் பதிவேடும் சாவியும் யாரிடம் இருக்கின்றன என்பதைப் பார்க்கவேண்டும். பொதுப் பணத்தில் நிற்கும் எந்தக் கூடமும் எல்லோருக்கும் ஒரே வாடகையில், எழுத்து மூலமான பதிவில் கிடைக்கவேண்டும்.

தீர்மானம் மட்டும் போதாது என்பதை நாம் நூறு ஆண்டாகப் பார்க்கிறோம். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, கிணறு, குளம், கட்டடம் எல்லோருக்கும் திறந்தவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார், அரசும் ஏற்றது. அதே ஆண்டு மகத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு போய்த் தண்ணீர் அள்ளும் வரை அது தாளில்தான் இருந்தது. அள்ளியதும் ஆகஸ்டில் அதே நகராட்சி தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. குளம் நகராட்சியின் பொதுச் சொத்தா, சாதி இந்துக்களின் சொத்தா என்ற வழக்கு 1937 வரை போய், உயர் நீதிமன்றத்தில் அம்பேத்கர் தரப்பு வென்றது. நிலம் யாருடையது என்ற கேள்வி அங்கும் எழுந்தது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊராட்சியின் அ-பதிவேட்டை எடுத்து, நத்தம், புறம்போக்கு, பொது உபயோகம் என்று இருக்கும் புல எண்களைத் தனியே எழுதுங்கள். கடந்த ஐந்தாண்டில் நிலப் பயன்பாடு மாற்றக் கேட்ட மனுக்களின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்றைக்குச் சமுதாயக் கூடம் வேண்டும் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். எந்தப் புல எண்ணில், எந்த நிதியிலிருந்து, வாடகைப் பதிவேடு யார் பொறுப்பில் என்பது தீர்மான வாசகத்திலேயே இருக்கவேண்டும். கூட்டம் கலைவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.